வளப்பூர் நாட்டு ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஆடிப்பெருக்கு வந்தால் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் கூட்டம் அலைமோதும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வளப்பூர் நாடு ஊராட்சியில் உள்ள அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் மக்கள் போவார்கள். வழியெல்லாம் பாட்டுதான். வேனில் பாட்டு, கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, தங்கும் விடுதியில் பாட்டு, அருவி முன்னால் எடுத்த ரீல்ஸிலும் பாட்டு.

நாலு இடத்திலும் ஓடுவது ஒரே சினிமா பாட்டாக இருக்கலாம். ஆனால், ஒரு இடத்தில் அதற்குக் காசு கட்ட வேண்டும், இன்னொரு இடத்தில் வேண்டாம். ஏன் இப்படி?

ஒரு பாட்டு, மூன்று உரிமை

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1976-இல் வந்த 'அன்னக்கிளி' பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை 2036 முடியும்வரை இருக்கும்.

இதில் சிக்கல் எங்கே? கூலி கொடுத்து எழுத வைத்த, இசையமைக்க வைத்த பாட்டு படத் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் விதிவிலக்கு. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடும்போது தவிர, மற்ற இடங்களில் பாட்டு சம்பாதிக்கும் தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆனது.

2017-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியதும், 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் வந்த 'குணா' பாட்டுக்காக நோட்டீஸ் போனதும் இந்தப் பின்னணியில்தான். ஆடியோ நிறுவனத்திடம் உரிமை வாங்கியதாகப் படத்தரப்பு சொன்னது. வாங்க வேண்டியது யாரிடம் என்பதுதான் சண்டையே.

'கோயிலில் போட்டாக்கூடவா காசு கேப்பாங்க?'

கேட்க முடியாது. உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலிப்பது மீறல் ஆகாது என்கிறது சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மத்திய, மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் அரசு விழாவுக்கும் இதே சலுகை. ஆடி மாதம் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா இந்தக் கணக்கில் வரும்.

கல்யாண ஊர்வலமும் அதை ஒட்டிய கொண்டாட்டமும் இதில் அடங்கும். திருமண விழாக்களில் ராயல்டி கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை அறிவிப்பே வெளியிட்டது. ஆனாலும் ஹோட்டல்களில் நடக்கும் டிஜே நிகழ்ச்சிகள் பற்றி வழக்குகள் வந்தபடி இருக்கின்றன.

விடுதி கதை வேறு. வீட்டுக் குடியிருப்பின் பொது அறையில் பாட்டுப் போட விதிவிலக்கு தரும் சட்டம், ஹோட்டலைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்காகப் பாட்டு போட்டால் அனுமதி வாங்க வேண்டும்.

ரீல்ஸில் பாட்டு 'ஓசி' மாதிரி தெரிந்தாலும் ஓசி அல்ல. செயலி நடத்தும் நிறுவனம் பாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத பாட்டு என்றால் வீடியோ ஊமையாகிவிடும். சொந்த ரீல்ஸுக்குக் கிடைத்த பாட்டை, விடுதி விளம்பரத்துக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு.

மலையின் சொந்தப் பாட்டு?

இத்தனை பாதுகாப்பும் சினிமா பாட்டுக்கு. கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல, 'மலையை ஆள்பவர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள்) தலைமுறையாகப் பாடும் பாட்டுக்கு என்ன பாதுகாப்பு?

ஏறக்குறைய எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் முதலில் ஆசிரியரின் பெயரைக் கேட்கும். பாட்டி பாட்டியாக வாய்வழி வந்த பாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. யாரும் எடுத்துப் பாடலாம், படத்திலும் சேர்க்கலாம். புதிதாகப் பதிவு செய்பவருக்கு அந்த ஒலிப்பதிவின் உரிமை போய்விடும். பாடிக் காட்டிய ஊருக்கு ஒன்றும் வராது.

ஒரு முரணைப் பாருங்கள். இதே மலையில் விளையும் சாமை, தினை போன்ற பயிர்களின் பாரம்பரிய ரகங்களை வளர்த்தெடுத்த சமூகத்துக்குப் பங்கு கேட்கும் வழியை 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. விதையைக் காத்தவர்கள் ஒரு சமூகமாக உரிமை கோரலாம். களையெடுக்கும்போது பாடிய பாட்டுக்கு அப்படிக் கோர முடியாது.

ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

பாட்டுக்குச் சட்டத்தில் ஆள் இல்லாவிட்டாலும், பாடுகிறவருக்கு உண்டு. மேடையேறாத கிராமத்துப் பாட்டியும் சட்டப்படி 'நிகழ்த்துக் கலைஞர்'தான். அவர் பாடியதைப் பதிவு செய்யவும் வெளியிடவும் அனுமதி தரும் உரிமை அவருடையது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும்.

எனவே மைக்கும் கேமராவுமாக யாராவது வந்தால், எதற்குப் பயன்படுத்துவார்கள், எவ்வளவு காலத்துக்கு, வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குவது நல்லது. பாடியவர் பெயரும் ஊர் பெயரும் வீடியோவில் வர வேண்டும் என்றும் எழுதச் சொல்லலாம். 'சும்மா ஒரு பாட்டு பாடுங்க பாட்டி' என்று கேட்டு எடுக்கும் வீடியோ பிறகு பல லட்சம் பேரிடம் போகலாம். அப்போது பேசிக்கொள்ளலாம் என்றால், காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இருக்காது.