பிரான்ஹாவுக்கும் பயம் உண்டு

பிரான்ஹா என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஆற்றில் இறங்கிய மாட்டைச் சில நிமிடங்களில் எலும்புக்கூடாக்கும் காட்சிதானே! அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1914இல் வெளியிட்ட பிரேசில் பயண நூல் இந்தக் கெட்ட பெயரை உலகெங்கும் பரப்பியது. மீதியைத் திரைப்படங்கள் பார்த்துக்கொண்டன.

உண்மையில், புதிதாகத் தொட்டிக்கு வந்த சிவப்பு வயிற்றுப் பிரான்ஹா ஒரு பயந்தாங்கொள்ளி. மூலையில் ஒதுங்கி நிற்கும். நிறம் வெளிறும். பக்கத்தில் ஆள் நடந்தால் பதறிப்போய்க் கண்ணாடியில் மோதும். சில நாள் உணவைக்கூடத் தொடாது. கெய்ரோஸ், மகுரன் எனும் இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிய வைக்கிறது. எட்டு மீன்களாக இருந்தபோது நிதானமாக மூச்சுவிட்ட பிரான்ஹாக்கள், இரண்டாக இருந்தபோது வேகமாக மூச்சு வாங்கின. ஆக, அவை கூட்டம் சேர்வது பிறவற்றைத் தின்பதற்காக அன்று. கெய்மன் முதலையும் நீர்க்காகமும் தம்மைத் தின்றுவிடாமல் இருப்பதற்காக.

மலேசியாவில் பிரான்ஹா வளர்க்கத் தடை உண்டு. அது நல்லதே, அலுத்துப்போனால் ஆற்றில் விட்டுவிடும் ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அதே அமேசான் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கார் மீன் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. புது வீட்டில் அதன் முதல் நாட்களும் இப்படித்தான்.

நாம் செய்வது என்ன? காலையில் தொட்டி, மாலையில் மீன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறோம். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்கிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாமோ ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. சாப்பிடவில்லையே என்று மேலும் தீனி போடுகிறோம். அது அழுகி இன்னும் அம்மோனியா. இரண்டாம் வாரத்தில் மீன் மிதக்கிறது.

"நமக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது" என்பார் பாட்டி. பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிப்பவரும் அதையே சொல்வதுதான் உறுத்துகிறது. அம்மோனியா தேர்வுத்தாளோடு முடிந்துவிட்டதா?

சாப்பிடாத மீனை "மக்கு மீன்" என்பவர்களும் உண்டு. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியின் முதல் வாரத்தில் கடைசி மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வந்த அன்று பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து மீனை விடுங்கள். விளக்கை அணையுங்கள். ஒளிய ஒரு மரக்கட்டையாவது வேண்டும். அன்று தீனி வேண்டாம். கண்ணாடியைத் தட்டும் தம்பி தங்கைகளையும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

இவையெல்லாம் தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான். "தொட்டியை மட்டும் கொடுங்கள், மீனுக்கு அடுத்த மாதம் வருகிறேன்" என்றால் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போட்டால், அந்தக் காத்திருப்பும் குறையும்.