கணக்குப் போட்ட பிறகு கடை: இணைய வணிகம் தொடங்குவோர் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வீட்டிலிருந்தபடி சேலை, பலகாரம், பொம்மை, மசாலாப் பொடி விற்கும் சிறு வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. இணையத்தில் புதிதாகக் கடை போட வருகிறவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எந்த ஆப்பில் விற்கலாம், விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம். ஒரு பொருள் விற்றால் செலவெல்லாம் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டு வருகிறவர் அபூர்வம். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்புகளும் அந்த இடத்தை லாகவமாகத் தாண்டிவிடுகின்றன. இதைச் செயற்குழுவில் பேசி முடித்து, எங்கள் நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறோம்.

ஒரு பொருளை விற்க ஆகும் முழுச் செலவையும், அது திரும்பி வந்தால் ஆகும் செலவையும் எழுதிப் பார்க்காமல் யாரும் இணையக் கடை தொடங்க வேண்டாம். முதல் ஆறு மாதம் ‘கேஷ் ஆன் டெலிவரி’யும் ‘ஃப்ரீ ஷிப்பிங்’கும் வேண்டாம். இந்தக் கணக்கைச் சொல்லித் தராத எந்தக் கட்டணப் பயிற்சியையும் சங்கம் பரிந்துரைக்காது.

உதாரணத்துக்கு, 900 ரூபாய் விலை போட்ட ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 600, பேக்கிங் 20, கூரியர் 80, வீட்டு வாசலில் பணம் வசூலித்துத் தருவதற்குக் கூரியர்காரர் எடுப்பது 40. அந்த ஒரு ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்தில் போனது 90 என்று வையுங்கள். மொத்தம் 830, மிச்சம் 70. அதே சேலையை ஆர்டர் செய்தவர் போனை எடுக்காமல் பார்சல் திரும்பி வந்தால், போக 80, வர 80, பேக்கிங் 20, விளம்பரம் 90 என 270 ரூபாய் காலி. கிட்டத்தட்ட நாலு சேலை விற்ற லாபம் ஒரே பார்சலில் போய்விடுகிறது. மடிப்புக் கலைந்து வந்த சேலையைப் புதுசு என்று அடுத்தவருக்கு அனுப்பவும் முடியாது. ‘சேல்ஸ் நல்லாத்தான் போகுது, ஆனா கையில காசு நிக்கல’ என்று உறுப்பினர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த நிலையில் விளம்பரத்தைக் கூட்டினால் நஷ்டமும் கூடவே கூடும்.

எடைக் கணக்கு இன்னொரு பொறி. தராசில் காட்டும் எடைக்குத்தான் கூரியர் காசு என்று நினைக்கிறோம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக வைத்துக்கொள்வது பல கூரியர் நிறுவனங்களின் வழக்கம். இதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் பில். தஞ்சாவூர் நடனப் பொம்மை காகிதக் கூழில் செய்தது, கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதை நிற்கிற வாக்கிலேயே 30-க்கு 30-க்கு 40 பெட்டியில் வைத்தால் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பொம்மையைப் பாகம் பாகமாகக் கழற்றலாம். கழற்றிப் பொதிந்து 25-க்கு 25-க்கு 24 பெட்டியில் அடக்கிவிட்டால் 3 கிலோதான். விலை நிர்ணயம் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

‘கேஷ் ஆன் டெலிவரி’ விஷயத்தில் சங்கத்துக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முகம் தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்ப ஜனங்கள் தயங்குகிறார்கள், அதை எடுத்துவிட்டால் ஆர்டர் பாதியாகிவிடும் என்பது சில உறுப்பினர்களின் வாதம். நியாயமான பயம்தான். ஆனால் திரும்பி வரும் பார்சலைத் தாங்கும் முதல் உள்ளவருக்குத்தான் அந்த வழி. இல்லாதவர்கள் கூரியர் செலவை மட்டுமாவது முன்கூட்டி வாங்கிக்கொள்ளட்டும். 100 ரூபாய் கட்டியவர் பார்சலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

அடுத்தது சட்டம். ‘இன்ஸ்டாவில்தானே விற்கிறோம், நமக்கென்ன’ என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், தொழிலாகத் தொடர்ந்து விற்கும் சிறு வியாபாரியையும் கட்டுப்படுத்தும். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதுவது இந்த விதிகளுக்கு ஒவ்வாது. மொத்த விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டாலும், பழுதான பொருளையோ படத்தில் காட்டியதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மறுக்க முடியாது. சூரத் மொத்த வியாபாரி அனுப்பிய படத்தை அப்படியே ஏற்றி, சேலையைக் கண்ணால் பார்க்காமல் விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் உறுப்பினருக்குச் சங்கத்தில் இடமில்லை.

ஜிஎஸ்டியில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை உண்டு. பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். இது தெரியாமல் முதல் நாளே பதிவு செய்துவிட்டு, விற்பனையே இல்லாத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பெங்களூருக்கு ஒரு பார்சல்தானே என்று அனுப்பிவிடுகிறார்கள். வரிக்குட்பட்ட பொருள் மாநில எல்லையைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் வரம்புக்குள் விலக்கு இருக்கிறது. ஊறுகாய், முறுக்கு விற்பவர் வீட்டு அடுப்பில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அதன் 14 இலக்க எண்ணும் வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் தளத்தைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

வெப்சைட்டைத் தெரிந்த பையனிடம் கொடுத்துச் செய்யச் சொல்வதில் தவறில்லை. ஆனால் டொமைன் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். பையன் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு கடைப் பெயரை மீட்க அலைவது வீண் அலைச்சல். பணம் வந்துவிட்டதா என்பதை வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள், வங்கிக் கணக்கில் பாருங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் யுபிஐ பின் எண் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

தொழில்முனைவோர் பயிற்சி நடத்தும் அரசுத் துறைகளுக்கு ஒரு கோரிக்கை. போட்டோ எடுப்பது, ரீல்ஸ் போடுவது ஆகியவற்றோடு செலவுக் கணக்குக்கும் திரும்பி வரும் பார்சலுக்கும் குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். விற்பனைத் தளங்களையும் கேட்டுக்கொள்கிறோம்: புது வியாபாரி ஒரு பொருளைப் பட்டியலிடும்போதே, அது திரும்பினால் அவர் தலையில் விழும் தொகையைத் தமிழில் அதே திரையில் காட்டுங்கள்.

சங்கத்தில் புதிதாகச் சேர வருகிறவர் இனி ஒரே ஒரு பொருளுக்காவது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுப்பார். அதற்குக் கட்டணம் கிடையாது.