படுத்த படுக்கை

"படுத்த படுக்கையாக இருக்கிறார்" என்று தமிழில் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. என்ன நோய், எப்போதிலிருந்து, எதனால் எழ முடியவில்லை என்பதெல்லாம் அந்தச் சொற்களுக்குள் புதைந்துபோகின்றன. என் அப்பத்தா அப்படித்தான் இரண்டரை வருடங்கள் கிடந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஒழுங்காகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னது ஒரே வாக்கியம்: வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டோம். வேளைக்குக் கஞ்சி, வெந்நீரில் துடைத்துவிடுதல், முதுகுக்குப் பவுடர். அவரை எழுப்பி நிற்க வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ஜரி வாரன் (1897-1960) என்ற ஆங்கிலேய மருத்துவரைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, நினைவு முழுக்க அந்தப் பின்கட்டு அறையிலேயே இருந்தது.

வாரன் அடிப்படையில் அறுவை சிகிச்சையாளர். 1935இல் அவர் பணியாற்றிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த வொர்க்ஹவுஸின் நோயர் விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. வொர்க்ஹவுஸ் என்பது கதியற்ற ஏழைகளுக்காக அந்நாட்டுச் சட்டம் ஏற்படுத்திய விடுதி. டிக்கன்ஸைப் படித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அங்கே கிடந்த 714 பேர் வாரனின் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பக்கவாதம் வந்தவர்களும் மனம் பேதலித்தவர்களும் போக்கிடம் இல்லாதவர்களும் ஒரே வரிசையில் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன என்று தெளிவாக ஆராயப்படவே இல்லை.

வாரன் செய்தது சொன்னால் சப்பென்றிருக்கும். ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். யாரால் நடக்க முடியும், யாருக்கு வைத்தியம் தேவை, யாருக்குத் தேவை ஒரு வீடு மட்டுமே என்று பிரித்தார். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசச் செய்தார், விளக்கொளியைக் கூட்டினார். பக்கவாதம் வந்தவர்களைப் படிப்படியாக உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்கினார். கணிசமானோர் வெளியேறினார்கள், 714 படுக்கைகள் 240ஆகக் குறைந்தன.

1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946இல் லான்செட்டிலும் அவர் எழுதிய கட்டுரைகளின் வாதம் எளிமையானது. நாட்பட்ட நோயுள்ள முதியவர்களைத் தனியே ஒதுக்காமல் பொது மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பிரிவில் வைத்துப் பார்க்கவேண்டும். மாணவர்களுக்கு இதைப் பாடமாக்க வேண்டும். மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் கூடி ஒரு முதியவரை முழுமையாக மதிப்பிடும் இன்றைய முறைக்கு அவைதான் தாய்வேர். (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1947இல் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஒரு தேவாலயப் பாடலைக் கிண்டலாக மாற்றி முடித்தார். மருத்துவ இதழ்களில் இவ்வளவு ரசமான உரைநடை இன்று அபூர்வம்.)

இது ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பீட்டுக் குழு கிடையாது. புதிய மருந்தோ கருவியோ கண்டுபிடிக்கப்படவில்லை. உண்மைதான். நிரூபணம் அவர் இறந்து வெகுகாலம் கழித்தே வந்தது. 1984இல் லாரன்ஸ் ரூபன்ஸ்டைனும் சகாக்களும் அமெரிக்காவில், நலிந்த முதியவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதியோருக்கான தனிப்பிரிவில் மதிப்பிடப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 48.3 சதவீதம். அது சிறிய ஆய்வு, நோயாளிகள் 123 பேர்தான். பின்னர் வந்த முடிவுகள் இவ்வளவு அதிரடியாக இல்லை. ஆயினும் 2017இல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் சில மாதங்களுக்குப் பிறகு உயிரோடு தம் சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உறுதிப்பட்டது.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒருவரின் ஆய்வு வாழ்வை ஒற்றை எண்ணில் அடக்கும் அளவுகோலை முன்வைத்தார். அதன்பின் பல்கலைக்கழகங்கள் மேற்கோள்களை எண்ணுவதிலேயே முனைப்பாகிவிட்டன. அந்தத் தராசில் வாரனை நிறுத்தினால் முள் அதிகம் அசையாது என்றே நினைக்கிறேன். இன்று ஒரு வார்டில், அறுவை சிகிச்சைக்கு மறுநாளே ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக நிற்கவைக்கும் செவிலிக்கு வாரனின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. யோசனை வழக்கமாக மாறிவிட்டபின் அதற்கு யார் அடிக்குறிப்பு எழுதுவார்கள்? வாரன் பேராசிரியராகவும் ஆகவில்லை. ஆகவும் முடியாது: முதியோர் மருத்துவத்துக்கான முதல் பேராசிரியர் பதவி கிளாஸ்கோவில் ஏற்பட்டது 1965இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே ஒரு கார் விபத்தில் அவர் இறந்துவிட்டிருந்தார்.

அந்த வழக்கம் நம்மூருக்கு வராமலில்லை. சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் 1978இலேயே வ.செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் வந்துவிட்டது. நாங்கள் அப்பத்தாவைச் சேர்த்த சிற்றூர் மருத்துவமனை வரைக்கும் அது வந்துசேரவில்லை என்பதுதான்.

உறவினர் ஒருவர் அலுமினிய வாக்கர் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. அப்பத்தாவின் கட்டிலருகே, துண்டு உலர்த்துவதற்குத்தான் கடைசிவரை பயன்பட்டது.