வானத்தைப் பற்றியும் பொய் சொல்லலாகாது

"கரும்பொருள் என்பது கருந்துளைகளே, விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டுவிட்டனர், நம் மார்க்கம் அன்றே சொன்னது" என்றொரு செய்தி நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. பகிர்வோரின் நோக்கம் நல்லதே, செய்தியோ பிழையானது.

நமது பால்வெளி மண்டலத்தின் நடுவில் சூரியனைப்போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. விண்மீன் ஒன்று 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருவதைக் கண்காணித்தே அந்நிறையைக் கணித்தனர். எனினும் மண்டலத்தின் மொத்த நிறையில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கரும்பொருளின் கதை வேறு. ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் வெளியிட்டனர். நடுவிலிருந்து விலகிய பகுதிகளில் குறைந்திருக்க வேண்டிய வேகம் குறையவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நிறை அங்கே பரந்து கிடக்கிறது என்ற முடிவுக்கு இத்தகைய அளவீடுகளே வழிவகுத்தன.

அந்நிறை கருந்துளைகளாக இருக்குமோ? அதையும் சோதித்தனர். கருந்துளை ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்தால் அவ்விண்மீனின் ஒளி சிலகாலம் பெருகித் தோன்றும். மெகல்லானிய மேகங்களின் கோடிக்கணக்கான விண்மீன்களைப் போலந்தின் ஓகிள் குழுவினர் சுமார் 20 ஆண்டுகள் கண்காணித்தனர். விண்மீன்களின் நிறையையொத்த கருந்துளைகள் கரும்பொருளில் சிறு பங்கே இருக்க முடியும் என்று 2024இல் அறிவித்தனர்.

கரும்பொருள் சிறு திரள்களாகவும் மண்டலத்தில் உலவக்கூடும் என்பது கணிப்பு. விண்மீன் தாரைகளில் காணப்படும் இடைவெளிகள் அவற்றின் தடங்களா என ஆராய்கின்றனர். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆய்வாளர்களே முடிவு கூறாததை மார்க்கத்தின் பெயரால் முடித்துவைக்க நாம் யார்?

கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அதே ஆண்ட்ரோமெடாவைச் சிறு மேகமெனத் தம் நூலில் பதிந்தார். கண்டதை எழுதினார், காணாததைச் சேர்க்கவில்லை. ஹதீஸ் ஒன்றை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் சமுதாயம் நாம். அல்லாஹ்வின் படைப்பைப் பற்றிய செய்திக்கு மட்டும் அந்தப் பேணுதல் தேவையில்லையா?

இன்று நாம் பகிரும் பொய்யை நாளை கல்லூரியில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளை கண்டுகொள்வாள். அன்று அவள் சந்தேகிக்கப்போவது அந்தச் செய்தியை மட்டுமல்ல, அதை நாம் எதன் பெயரால் சொன்னோமோ அதையும்தான். ஆகவே, ஆராயாமல் எதையும் பகிராதிருப்போம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.