மின்னஞ்சல் தொலையவில்லை, பூட்டுதான் மாறியது

கைபேசியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் மின்னஞ்சல் வராமல் போவது இன்று பலரும் அறிந்த தொல்லையாகிவிட்டது. முதல்நாள் இரவு வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடிதங்கள் திடீரென நின்றுவிடுகின்றன. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றுகிறது. அதைப் படித்துப் பொருள் காண்போர் மிகச் சிலரே. ஏனையோர் செய்வது இரண்டில் ஒன்று. கணக்கையே கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்க முயல்கிறார்கள். அல்லது கைபேசியைக் கடவுச்சொல்லோடு சேர்த்துப் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். முன்னது பெரும்பாலும் தேவையற்றது, பின்னது ஆபத்தானது. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டிவிடுவது எளிது. ஆனால் நேர்ந்த பிழையைப் புரியும்படி எடுத்துச் சொல்லும் தமிழ் உரைநடை நம்மிடம் போதிய அளவு இல்லை என்பதே அடிப்படைக் காரணம் என்று நான் கருதுகிறேன். அக்குறையில் தமிழ் கற்பிப்போர்க்கும் பங்குண்டு.

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊரை எண்ணிவிட வேண்டாம். நான் குறிப்பிடுவது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள புதுக்கோட்டை. இப்பகுதி மாணவர்களுக்கு மின்னஞ்சல் என்பது உற்றார் உறவினருக்கு எழுதும் சாதனமாக இல்லை. அந்தப் பணியை வாட்ஸப் எடுத்துக்கொண்டு ஆண்டுகள் பலவாயின. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நுழைவுச் சீட்டு, உதவித்தொகை விண்ணப்பத்திற்கான மறுமொழி, கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு ஆள்சேர்ப்பு நிறுவனம் அனுப்பும் கடிதம் முதலியனவே அதன்வழி வருகின்றன. ஆண்டு முழுவதும் படிக்கத்தக்கனவாகப் பத்துக் கடிதங்கள் வந்தால் அதிகம். ஆனால் அந்தப் பத்தும் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை. அரிதாகவே வருவதால், அஞ்சல் நின்றுபோனது தெரியவே பல நாட்கள் ஆகிவிடுகின்றன. தெரியவரும்போது நேர்முகத் தேர்வின் நாள் கடந்திருக்கும்.

பனைமரம் சூழ்ந்த இந்நாட்டில், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுப்பித்தபின் அஞ்சல் நின்றது என்பதாலேயே புதுப்பித்ததுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட இயலாது. சில சமயம் அது உண்மையான காரணம். சில சமயம் வெறும் காகம். இரண்டுக்கும் நல்ல சான்றுகள் உண்டு.

2017 செப்டம்பர் 19ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11 என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதை நிறுவிய ஐபோன்களில், மைக்ரோசாப்டின் அவுட்லுக் டாட் காம், ஆபீஸ் 365, எக்ஸ்சேஞ்ச் 2016 ஆகியவற்றில் கணக்கு வைத்திருந்தோர் பலரால், கைபேசியின் அஞ்சல் செயலியிலிருந்து கடிதம் அனுப்ப இயலவில்லை. வழங்கி கடிதத்தை ஏற்க மறுத்துவிட்டது என்ற அளவிலேயே செய்தி வந்தது. புதிய மென்பொருளுக்கும் அவ்வழங்கிகளுக்கும் இடையிலான பேச்சுமுறையில் இருந்த முரண்பாடே காரணம். ஒரு வாரத்தில், செப்டம்பர் 26 அன்று, ஐஓஎஸ் 11.0.1 வெளிவந்து அது சரிசெய்யப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் பயனர் தம் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் பயன் விளைந்திருக்காது. பிழை அவர் கையில் இல்லை.

மறுபக்கச் சான்று 2022 சனவரி 1ஆம் நாள் கிடைத்தது. நிறுவனங்கள் தம் இடத்திலேயே நடத்தும் எக்ஸ்சேஞ்ச் வழங்கிகளில் அன்று கடிதங்கள் வரிசையில் தேங்கி நின்றன. தீநிரல் சோதிக்கும் பகுதி, தேதியை ஓர் எண்ணாக மாற்றிக் கையாண்டது. புத்தாண்டு பிறந்ததும் அது 2201010001 என்றாயிற்று. அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 2147483647 வரைதான் கொள்ளும். படி நிரம்பி வழிந்தது, சோதனை நின்றது, அஞ்சலும் நின்றது. முதல்நாள் இரவு கைபேசியைப் புதுப்பித்திருந்த ஒருவர், பழியைக் கைபேசியின் மேல் போட்டிருப்பார். அதில் வியப்பில்லை.

'அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிட்டால் என்ன?' என்று கேட்பாருண்டு. அதற்கும் காலம் விடைசொல்லிவிட்டது. 2021 செப்டம்பர் 27 முதல், ஆண்ட்ராய்டு 2.3.7 மற்றும் அதற்கு முந்தைய கைபேசிகளில் கூகுள் கணக்கினுள் நுழைவது நிறுத்தப்பட்டது. புதுப்பித்தால் ஒரு நாள் தொல்லை. புதுப்பிக்காவிட்டால் ஒருநாள் கதவே அடைபடும்.

சரி, அஞ்சல் நின்றுவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

முதற்கண் கணக்கை நீக்கக் கூடாது. இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அஞ்சல் கைபேசிக்கு வருவதில் இரு முறைகள் உள்ளன. 'ஐமேப்' முறையில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும். கைபேசி காட்டுவது அவற்றின் படியை. 'பாப்' முறையிலோ, கடிதத்தைக் கைபேசி இறக்கிக்கொண்டபின் வழங்கியில் அது அழிக்கப்பட்டிருக்கக்கூடும். இத்தகைய கணக்கை நீக்கினால், உலகில் இருந்த ஒரே படியும் போயிற்று. எம்முறையாயினும், அனுப்பப்படாமல் கைபேசியிலேயே தங்கிவிட்ட கடிதங்கள் கணக்கோடு சேர்ந்து மறையும். இக்கரை மக்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1544இல் சவேரியார் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி ஆகிய ஊர்களிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் இன்றியமையாத கடிதங்களைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று கரைசேரும் என்ற முன்னெச்சரிக்கைதான். ஒரே படியை நம்பியிருப்பது அன்றும் அறிவுடைமையாகக் கருதப்படவில்லை.

அடுத்து, அதே கணக்கை உலாவி வழியாகத் திறந்து பார்க்க வேண்டும். கடிதங்கள் அங்கே இருக்குமானால் எதுவும் தொலையவில்லை. பழுது கைபேசிக்கும் வழங்கிக்கும் இடையில் உள்ளது. இந்த ஒரு சோதனையே பாதி அச்சத்தைப் போக்கிவிடும். அங்கும் புதிய கடிதம் இல்லையெனில், கணக்கின் கொள்ளளவு நிரம்பியிருக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. 2021 சூன் 1க்குப் பின் ஏற்றப்படும் நிழற்படங்களும் அதில்தான் கணக்காகின்றன. நிரம்பிவிட்டால் வரும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பும். கைபேசியின் நினைவகத்தை எவ்வளவு காலிசெய்தாலும் இது தீராது. இரண்டும் வெவ்வேறு களஞ்சியங்கள்.

மூன்றாவதாக, கைபேசியின் தேதியும் நேரமும். இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் வழங்கி தன்னை இன்னாரென்று மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைபேசியின் நாட்காட்டி பிறழ்ந்திருந்தால், செல்லும் சான்றிதழைச் செல்லாதது என்று அது மறுத்துவிடும்.

நான்காவதாக, அஞ்சல் வராதிருக்கிறதா, அல்லது வந்தும் ஓசையின்றிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவப்படும் செயலி அறிவிப்புக் காட்ட நம் அனுமதியைக் கேட்டாக வேண்டும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டுவிட்டால், கடிதம் வரும்; மணி அடிக்காது. ஒத்திசைவு நிறுத்தப்பட்டிருந்தாலும், மின்கலச் சேமிப்பு கடுமையாக அமைந்திருந்தாலும், செயலியை நாமே திறக்கும்வரை கடிதம் வந்து சேராதிருக்கலாம்.

இத்தனைக்கும் பின் எஞ்சுவது பூட்டு. முன்பெல்லாம் எந்தச் செயலியாயினும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்தால் வழங்கி உள்ளே விட்டுவிடும். கடவுச்சொல் களவுபோனால் எல்லாம் களவுபோகும் என்பதால் இம்முறை கைவிடப்பட்டது. தனியார் கணக்குகளுக்கு இத்தகைய நுழைவைக் கூகுள் 2022 மே 30 அன்று நிறுத்தியது. மைக்ரோசாப்ட் தன் நிறுவனக் கணக்குகளுக்கு 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கி, தனியாரின் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது. இப்போது செயலி நம்மை நேரே வழங்கியின் பக்கத்திற்கு அழைத்துச் சென்று அங்கே நுழையச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யத் தெரியாத பழைய செயலியெனில், ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை அமைத்தபின் 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்றுப் பயன்படுத்தலாம். பழைய கடவுச்சொல் சரியாகவே இருந்தும் 'தவறு' என்று செய்தி வருவதன் மறைபொருள் இதுதான். திறவுகோல் சரி, பூட்டு மாறிவிட்டது.

கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் தாமே நடத்தும் வழங்கிகளில் இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. அங்கே பூட்டு பழையது. புதிய கைபேசி அதை நம்ப மறுக்கிறது. 2019இல் வந்த ஐஓஎஸ் 13, 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ திறவுகோல் கொண்ட சான்றிதழ்களை ஏற்பதை நிறுத்தியது. டிஎல்எஸ் 1.0, 1.1 என்னும் பழைய மறையாக்க முறைகள் 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டன. இங்கே திருந்த வேண்டியது வழங்கி. அதை நடத்துவோர்க்குத் தெரிவிப்பதைத் தவிரப் பயனர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செயலியின் அமைப்புகளில் துறை எண்ணைச் சரிபார்ப்பது மட்டும் அவர் கையில் உண்டு. துறைமுகத்தில் கப்பல் எந்தத் துறையில் அணைய வேண்டும் என்று வரையறை இருப்பதுபோல், மறையாக்கம் செய்த ஐமேப் அஞ்சலுக்கு 993, பாப் அஞ்சலுக்கு 995, அனுப்புவதற்கு 587 அல்லது 465 என்று எண்கள் உள்ளன.

*

மேலே கூறியவற்றில் சராசரிக் கல்லூரி மாணவர்க்கு விளங்காதது எதுவுமில்லை என்றே நம்புகிறேன். அவ்வாறாயின் அவர் ஏன் கடையை நாடுகிறார்?

அவர் திரையில் கண்டது 'அங்கீகாரம் தோல்வியுற்றது' என்பது போன்ற ஒரு தொடரை. கடவுச்சொல் பிழையானாலும் அத்தொடர்; பூட்டின் முறை மாறினாலும் அத்தொடர். யார் எதை அங்கீகரிக்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் விடையில்லை. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை நன்னூலார் வகுத்திருக்கிறார். குன்றக் கூறல், மயங்க வைத்தல் என்னும் இரண்டையும் மாணவர்க்கு விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஆங்கிலம் அறிந்தால் போதாதா என்பது வழக்கமான மறுப்பு. ஆங்கில மூலமும் இதே குற்றங்களை உடையது என்பதே என் விடை. அதை எழுதியவர் தம்மைப் போன்ற இன்னொரு நிரலாளருக்காக எழுதினார். நாம் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியதால், ஒரு மயக்கம் இரு மயக்கமாயிற்று. கலைச்சொல் ஆக்கத்தில் நாம் காட்டிய அக்கறையை வாக்கிய ஆக்கத்தில் காட்டவில்லை.

இணையத் தமிழின் தொடக்க நாட்களை நினைவுகூர்வோர்க்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒருவர் தமிழில் அனுப்பிய மடல், எழுத்துரு வேறுபாட்டால் மற்றவரிடம் குப்பைக் குறிகளாய்ச் சென்று விழுந்த காலம் அது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு, எழுத்துக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் தரம் காண முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆர்வலர் பலரின் உழைப்பால் இன்று எழுத்து சிதையாமல் வந்து சேர்கிறது. பொருள் இன்னும் வந்து சேரவில்லை.

அது வந்து சேராததன் விலையைத்தான் கடைக்காரரின் மேசையில் நாம் செலுத்துகிறோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆயினும் மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒருவர் கைக்குப் போனால், அதனோடு பிணைந்த பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழியும் அவர் கைக்குப் போகிறது. வீட்டுச் சாவியை இழந்தால் பூட்டை மாற்றுகிறோம். இதை இழந்தோம் என்ற உணர்வுகூட நமக்கு ஏற்படுவதில்லை. பெண் பிள்ளைகள் தம் படங்கள் அடங்கிய கைபேசியை இவ்வாறு விட்டுவிட்டு வர நேர்வதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்த் துறைகளில் மொழிபெயர்ப்புத் தாளுக்கு ஆண்டுதோறும் ஒரே வகைப் பத்திகளைத் தருகிறோம். அவற்றோடு கைபேசிகளில் தோன்றும் பிழைச் செய்திகள் இருபதைக் கொடுத்து, நல்ல தமிழில் திருத்தி எழுதச் சொல்லலாம். என்ன நேர்ந்தது, எது பத்திரமாக இருக்கிறது, இனி என்ன செய்வது என்ற மூன்றும் மூன்று வாக்கியங்களில் அமைய வேண்டும் என்பது மட்டுமே விதி. கணினித் துறை ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டால் பொருட்பிழையும் நேராது. பின் அவற்றைக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஊர் நூலகத்திலும் ஒட்டி வைக்கலாம்.

என் வகுப்பில் இத்தகைய பயிற்சிக்கு முதல் எடுத்துக்காட்டாக நான் தரவிருப்பது இது: "புதுப்பித்தபின் இச்செயலியால் உங்கள் அஞ்சல் கணக்கினுள் நுழைய முடியவில்லை. உங்கள் கடிதங்கள் வழங்கியில் பத்திரமாக உள்ளன. அமைப்புகளில் உங்கள் கணக்கைத் திறந்து மீண்டும் உள்நுழையுங்கள். கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள்." இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. இதைவிடச் சிறப்பாக எழுதும் மாணவர் கிடைத்தால் மகிழ்வேன்.