முதுகுக்கும் ஒரு திரைக்கதை

மால்களில் ‘9டி’, ‘12டி’ என்று போர்டு மாட்டிய சிறு அரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். திரையில் ரோலர் கோஸ்டர் பாயும், நாற்காலி உதறும், முகத்தில் காற்றடிக்கும். வெளியே வந்ததும் சிலருக்குக் குமட்டும். படத்தை எங்கிருந்தோ வாங்கிப் போட்டுவிட்டு, அதற்கேற்ப நாற்காலியை ஆட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு பல இடங்களில் இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1987 ஜனவரியில் திறக்கப்பட்ட ‘ஸ்டார் டூர்ஸ்’ இந்த வகைக்கு முன்னோடி. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரையே கேளிக்கைக்குத் திருப்பினார்கள். 40 பேர் உட்காரும் மூடிய கேபின், முன்னால் திரை, அடியில் ஹைட்ராலிக் கால்கள். கேபின் எங்கும் போவதில்லை. நின்ற இடத்தில் கொஞ்சம் நகரும், சாயும், அவ்வளவுதான். ஆனாலும் விண்கலம் ஒளிவேகத்தில் கிளம்பும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறதே, எப்படி?

சூட்சுமம் காதுக்குள் இருக்கிறது. உடல் முன்னோக்கி வேகமெடுத்தாலும் சரி, பின்னால் சாய்ந்தாலும் சரி, உட்செவியில் அதை உணரும் உறுப்புக்குக் கிடைக்கும் சேதி ஒன்றுதான். கேபினை 15 டிகிரி பின்னால் சாய்த்தால் நம் எடையில் சுமார் கால் பங்கு முதுகில் இறங்கும். திரையும் கூடவே சாய்வதால் கண்ணுக்கு அது தெரியாது. நட்சத்திரங்கள் கோடாக நீள்வதைக் கண் பார்க்கிறது, முதுகு அழுத்தத்தைச் சொல்கிறது. பாய்ந்துவிட்டோம் என்று மூளை முடிவுகட்டுகிறது.

சாய்ந்த கேபின் அப்படியே நின்றால் அடுத்த குலுக்கலுக்குக் கால்களில் இடம் மிச்சமிருக்காது. ஆகவே யாரும் உணராத அளவு மெதுவாக அது நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சில நொடிகளை அனிமேஷன் செய்பவர்தான் ஒதுக்கித் தரவேண்டும். ஆர்ப்பாட்டமான ரைடின் நடுவே கலம் சும்மா மிதந்து, யாரோ பேசிக்கொண்டிருந்தால், அது கதைக்காக மட்டும் வைத்ததல்ல. சினிமாவின் ‘கட்’டும் இங்கே எளிதில் செல்லுபடியாகாது. கண் ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், உடம்பு தாவாது.

அடுத்தது நேரம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிசெகண்டு. டன் கணக்கில் எடை தாங்கும் கால்கள் கட்டளை கிடைத்த கணமே அசையாது. பாறையில் மோதுவது திரையில் தெரிவதற்குச் சற்று முன்பே கட்டளை போயாக வேண்டும். படம், ஒலி, கால்கள் எல்லாம் ஒரே டைம்கோடு என்ற நேரக் குறியீட்டுக்குக் கட்டுப்பட்டு ஓடுவது இதனால்தான். அதன் பிறகும் புரோகிராமர் இருக்கையில் உட்கார்ந்து, இடி இடுப்பில் விழும் கணத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார். கணினித் திரையில் கச்சிதமாக இருக்கும் அசைவுக் கோடு, உட்கார்ந்து பார்த்தால் அசமந்தமாக இருக்கலாம். இந்த வேலைக்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆர்லாண்டோவில் 1999இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ ரைடில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடியது. அங்கே 12 பேர் ஏறும் கார் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே தானும் ஆடும். வழியெங்கும் 3டி திரைகள். ஒரு தெருவை முப்பரிமாணத்தில் வரைந்தால் ஓரிடத்திலிருந்து பார்க்கும்போதுதான் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவர் நகர்ந்தால் கோணிக்கொள்ளும். அதனால் கார் கடந்துபோகும் வேகத்துக்கேற்ப, படத்தையே நொடிக்கு நொடி எதிர்ப்பக்கம் வளைத்து வரைந்தார்கள். கார் கொஞ்சம் பிந்தினாலும் அந்த வளைவு அம்பலமாகிவிடும். 2012இல் படங்களை உயர்தர டிஜிட்டலில் புதிதாகச் செய்தார்கள். தண்டவாளம் பழையதே, புதுப் படமும் அதன் கணக்குக்குத்தான் வளைய வேண்டியிருந்தது.