செமி ஆட்டோவும் ஸ்கோப்பும் தேடுற மகராசன்களுக்கு...

எங்க கிருஷ்ணன்கோவில் பக்கம் பசங்க பேச்சே மாறிப்போச்சு. முன்னாடியெல்லாம் பைக்கு, கிரிக்கெட் பேட்டு, மிஞ்சிப்போனா ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி. இப்போ டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, "முதல் முதலா வாங்குறதுன்னா எந்த செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்ணே நல்லது? ரெட் டாட் மாட்டணுமா, ஸ்கோப் மாட்டணுமா?"ன்னு கேக்குறாங்க. அமெரிக்காவுல எவனோ தன் வீட்டுக் கொல்லைப்புறத்துல நின்னு எடுத்த வீடியோவைப் பார்த்துட்டு, மேற்கே தெரியுற மலையைப் பார்த்துக் கண்ணை இடுக்குறாங்க.

இவங்களைத் திட்டத்தான் ஆரம்பிச்சேன். ஆனா எழுத எழுத, திட்டு வாங்க வேண்டியவங்க பட்டியல் நீண்டுபோச்சு. "விவசாயிக்கு ரைபிள் கொடு, பன்னித் தொல்லை தீரும்"னு எழுதுற பதிவுலக நண்பர்கள் ஒரு பக்கம். "துப்பாக்கின்னாலே பாவம், அதைப் பத்திப் பேசுறதே தப்பு"ன்னு கன்னத்துல போட்டுக்கிறவங்க இன்னொரு பக்கம். மூணு கோஷ்டிக்கும் ஒரே நினைப்புதான்: ரைபிள்னா ஒரு உயிரை எடுக்கிற சாமான். நான் வருஷக்கணக்கா ஏர் ரைபிள்ல காகிதத்தை மட்டுமே சுட்டுட்டு இருக்கிறவன். அதனால கொஞ்சம் உரிமையோட பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல செமி ஆட்டோன்னா என்னன்னு பார்த்துடுவோம். விசையை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு போகும். காலித் தோட்டா வெளிய தெறிக்கும், அடுத்த தோட்டா தானாவே உள்ள ஏறி உட்காரும். திரும்பவும் விசையை இழுக்க வேண்டியதுதான். நாம எல்லாரும் பார்த்த செமி ஆட்டோ ஒண்ணு இருக்கு: போலீஸ்காரங்க தோள்ல தொங்குற எஸ்.எல்.ஆர். பேர்லயே "செல்ஃப் லோடிங்" இருக்கு பாருங்க. 7.62 மி.மீ. தோட்டா. அது பட்டாளத்துக்குன்னு செஞ்ச துப்பாக்கி.

இந்த மாதிரி ரைபிள் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட வகையில வருது. கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து, தாசில்தாரைப் பார்த்து வாங்குற சமாசாரம் இல்ல. அனுமதி கொடுக்கிற அதிகாரம் மத்திய அரசுகிட்ட. அது இல்லாம கையில வச்சிருந்தா, 2019ல திருத்தின சட்டப்படி குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் உள்ள. கல்லூரியில அரியரை முடிக்கவே நாலு வருஷம் ஆகுது தம்பி, இது தேவையா?

"சரிண்ணே, சட்டம் விடுற ரைபிள்?"ன்னு அடுத்த கேள்வி வரும். இருக்கு. நம்ம அரசு ஆயுதத் தொழிற்சாலையிலயே செய்யுற .315 போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை இழுத்துத் தள்ளணும். அதுக்கும் லைசென்ஸ், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. 2019க்கு அப்புறம் ஒருத்தர் பேர்ல ரெண்டு துப்பாக்கிக்கு மேல கூடாது. தேர்தல் வந்தா, மூட்டை கட்டி ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கணும். நம்ம ஊர்ல எத்தனை தேர்தல் வரும்னு உங்களுக்கே தெரியும் :)

ஆக, இந்த ஊர்ல லைசென்ஸ் இல்லாம ஒருத்தன் வாங்கக்கூடிய முதல் ரைபிள் ஒண்ணே ஒண்ணுதான். ஏர் ரைபிள். 2016 ஆயுத விதிகள் சொல்றபடி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல போகாம (கடைக்காரர் பாஷையில .177), குண்டோட ஆற்றல் 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் வேண்டாம். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துட்டுப் போங்க.

இதைச் சொன்னதும் பசங்க முகம் வாடிப்போகும். "ஏர் கன்னா? பலூன் சுடுற திருவிழாத் துப்பாக்கியா?" அப்புறம் ஒரு சமாதானம்: "சரி, அதுலயாவது ஒரு பெரிய ஸ்கோப்பைப் போட்டுடுவோம்." இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

ஸ்பிரிங் வச்ச ஏர் ரைபிள்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னாடி பாயுது, துப்பாக்கி பின்னாடி உதைக்குது. பிஸ்டன் முட்டி நிக்கும்போது துப்பாக்கி முன்னாடி இழுக்குது. ஒரே சூட்டுல ரெண்டு திசையில அதிர்ச்சி. பெரிய ரைபிளுக்குன்னு செஞ்ச ஸ்கோப் பின்னாடி உதைக்கிறதைத் தாங்கும். இந்த முன்னாடி இழுப்புக்குப் பழக்கமில்லாம உள்ள இருக்கிற கண்ணாடி ஆட்டம் கண்டுடும். இன்னிக்கு இடது பக்கம் போச்சு, நாளைக்கு மேல போச்சுன்னு திருகாணியைத் திருகித் திருகியே ஒரு டப்பா பெல்லட் காலியாகும்.

இன்னொண்ணு, பாரலாக்ஸ். ஸ்கோப்பை ஏதாவது ஒரு தூரத்துக்குப் பொருத்தித்தான் செய்வாங்க. பெரிய ரைபிளுக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 கஜத்துக்குப் பொருத்தினது. அதைப் பத்து மீட்டர்ல இருக்கிற காகிதத்துக்கு வச்சா, உருவம் கலங்கலாத் தெரியும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக் கம்பி இலக்கு மேல நடக்கும். துப்பாக்கி ஆடவே இல்ல, ஆனா குறி தப்பும். புதுசாக் கத்துக்கிறவனுக்கு தப்பு தன்கிட்டயா, கண்ணாடியிலயான்னு கடைசி வரைக்கும் தெரியாது. பக்கத்துத் தூரத்துக்கு மாத்திக்கிற மாதிரி, ஏர் ரைபிளுக்குன்னே செஞ்ச ஸ்கோப் இருக்கு, மறுக்கல. ஆனா ரைபிளை விட அது விலை கூடுதலா இருந்தா ஆச்சரியப்படாதீங்க.

சரி, வேற என்ன மாட்டுறது? பீப் சைட். பின்னாடி ஒரு சின்ன ஓட்டை, முன்னாடி ஒரு வளையம், அதுக்கு அப்பால காகிதத்துல கறுப்பு வட்டம். ஓட்டைக்குள்ள வளையம், வளையத்துக்குள்ள வட்டம். நம்ம கண்ணுக்கு ஒரு குணம் உண்டு: வட்டத்துக்குள்ள வட்டம் நடுவுல இருக்கா இல்லையான்னு சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடிச்சுடும். நீங்க செய்ய வேண்டியது முன் வளையத்துல மட்டும் பார்வையை வச்சு, மூச்சை அடக்கி, விசையை நோகாம அழுத்துறது. தப்பு நடந்தா அது உங்க தப்பு. வேற எது மேலயும் பழி போட முடியாது. கத்துக்கிறதுன்னா அதுதான்.

"இதெல்லாம் ஏழைங்க ஏற்பாடு, பெரிய ஆளுங்க ஸ்கோப்தான் வச்சிருப்பாங்க"ன்னு ஒரு நினைப்பு. ஐயா, ஒலிம்பிக்ல 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில டெலஸ்கோப்புக்கு இடமே இல்ல. வால்தர், ஃபெயின்வெர்க்பாவ்னு லட்சங்கள்ல விலை போகுற ரைபிள்லயும் இருக்கிறது பீப் சைட்தான். ஒரு தடவைக்கு ஒரு பெல்லட், கையால வச்சுதான் சுடணும். 50 மீட்டர் ரைபிள் போட்டியிலயும் அப்படித்தான். தானா லோட் ஆகுற ரைபிளுக்கு ஒலிம்பிக்ல போட்டியே கிடையாது.

அந்த இலக்கோட அளவைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. முழுக் கறுப்பு வட்டமும் 30.5 மி.மீ. நடுவுல இருக்கிற பத்துப் புள்ளி அரை மி.மீ. பென்சில் முனை மாதிரி ஒரு பொட்டு. அதை 60 தடவை சுடணும். 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசிச் சூட்டுல 10.8 எடுத்து, மொத்தம் 700.5ல தங்கம் வாங்கினார். அந்த இறுதிச் சுற்றுக்கு முன்னாடி சோதனைக்குச் சுட்டப்போ குறி எங்கேயோ போச்சு. அத்தனை பதட்டத்துலயும் சைட்டைத் திருகிச் சரி பண்ணிட்டுத்தான் போட்டிக்கு நின்னார். தன் சைட்டை அவருக்கு அந்த அளவுக்குத் தெரியும். செமி ஆட்டோ கேக்குற தம்பி, உன் கைபேசிக் கேம்ல அந்தத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கு?

இப்போ பன்னிக்கு வருவோம். இதுல கிண்டல் இல்ல. வத்திராயிருப்பு, செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோவில்னு அடிவாரத்துல நிலம் வச்சிருக்கிறவங்களோட வயித்தெரிச்சல் நிஜம். ஒரே ராத்திரியில மக்காச்சோளக் காட்டை உழுது போட்டுட்டுப் போயிடும். கடன் வாங்கி விதைச்சவன் காலையில வந்து வரப்புல உட்கார்ந்து அழுவான். அவனுக்கு ஆதரவா எழுதுறேன்னு நம்ம நண்பர்கள் கேக்குறது என்ன? ரைபிளும் ஸ்கோப்பும்.

அண்ணே, சாதாரண .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகக்கூடியது. 7.62 அதை விட எங்கேயோ போகும். நம்ம அடிவாரத்துல அந்தத் தூரத்துக்குள்ள எத்தனை தோப்பு, எத்தனை காவல் குடிசை, எத்தனை பேர் கயித்துக் கட்டில்ல படுத்திருக்காங்கன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? ஒன்பது மடங்கு பெருசாக்குற ஸ்கோப்புல 100 மீட்டர் தூரத்துல சுமார் நாலரை மீட்டர் அகலம்தான் தெரியும். பன்னி தெரியும். பன்னிக்கு ரெண்டு வரப்பு தள்ளித் தண்ணி பாய்ச்சிட்டு இருக்கிற ஆள் தெரியமாட்டார். முதல் குண்டுல பன்னி ஓட ஆரம்பிச்சதும், செமி ஆட்டோ உங்களுக்குத் தர்ற வசதி என்ன? யோசிக்காம ரெண்டாவது, மூணாவது குண்டு. அது யார் தோப்புல போய் இறங்கும்?

கேரளாவுல 2022ல, காட்டுக்கு வெளியே வர்ற பன்னியைச் சுட உத்தரவு கொடுக்கிற அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தாங்க. அங்கயும் ஆளாளுக்குத் துப்பாக்கி கொடுக்கல. லைசென்ஸ் உள்ளவங்களைத்தான் கூப்பிட்டாங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில ஒரு முடிவு அறிவிச்சாங்க. காப்புக்காட்டுல இருந்து 1 கி.மீ. வரைக்கும் சுட அனுமதி இல்ல. 1ல இருந்து 3 கி.மீ. வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கி.மீ.க்கு அப்பால பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம்.

என் கோபம் இங்கதான் அரசாங்கத்து மேல திரும்புது. மலையை ஒட்டி நிலம் வச்சிருக்கிறவன் அந்த முதல் கிலோமீட்டருக்குள்ளதானே இருக்கான்! பன்னி முதல்ல இறங்குறதும் அவன் காட்டுலதானே! சுடக்கூடாதுங்கிறதை ஏத்துக்கிறேன், அது சரணாலயத்து ஓரம். அப்படின்னா அந்த ஒரு கிலோமீட்டர்காரனுக்கு வேலிக்கு முழுச் செலவையும் கொடு, பயிர் போனா இழப்பீட்டை அறுவடைக்கு முன்னாடி கொடு. இதைக் கேட்டுப் பதிவு போடுங்க நண்பர்களே. ரைபிள் கேட்டுப் போடாதீங்க. நடக்காத ஒண்ணைக் கேட்டா, நடக்கக்கூடியதைக் கொடுக்காம இருக்க அவங்களுக்கு வசதியாப் போயிடும்.

ஸ்கோப் மாட்டின ஏர் கன்னைத் தூக்கிட்டு மலைப் பக்கம் போற பசங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம மேற்கே இருக்கிறது 1988ல அறிவிச்ச சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். வன உயிரினச் சட்டம் பிரிவு 31 சொல்றபடி, தலைமை வன உயிரினக் காப்பாளரோட எழுத்து மூலமான அனுமதி இல்லாம ஆயுதத்தோட உள்ள போறதே குற்றம். ஒண்ணையும் சுட வேண்டாம், தூக்கிட்டுப் போனாலே போதும். அந்த அணில் உலகத்துலயே தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு. ஒரு பெல்லட்டுக்கு ஆகுற காசை விட அதோட உயிர் மலிவாப் போச்சா?

கடைசியா, "துப்பாக்கியே வேண்டாம்"ங்கிற கோஷ்டிக்கு. 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கின ககன் நாரங் பிறந்தது சென்னையில. 2019 ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கின இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர்ல. ஒருத்தர் ஹைதராபாத்துல வளர்ந்தார், இன்னொருத்தர் குஜராத்துல. கண்ணும் கையும் நம்ம மண்ணுல இருந்து போயிருக்கு; குறி பார்க்கக் கத்துக்கிட்டது வேற ஊர்ல.

பத்து மீட்டர்ங்கிறது எவ்வளவு? நம்ம பள்ளிக்கூட வராண்டா அதை விட நீளம். கடைசிச் சுவர்ல குண்டைத் தாங்குற பெட்டி, பக்கவாட்டுல யாரும் குறுக்க வராம அடைப்பு, பீப் சைட் வச்ச நாலு ஏர் ரைபிள், கண்டிப்பான ஒரு வாத்தியார். இவ்வளவுதான் செலவு. கிருஷ்ணன்கோவில் சுத்துவட்டாரத்துல கல்லூரிக்கும் பள்ளிக்கும் பஞ்சமில்ல. பையன் கையில குறி பார்க்குற ஆசை இருக்கு. அதுக்கு நாம ஒரு வராண்டா கொடுக்கலைன்னா, அவன் மலைப் பக்கம்தான் போவான். அங்க காகிதம் கிடையாது, உயிர் மட்டும்தான் இருக்கு.

டிஸ்கி: "எந்தக் கம்பெனி ஸ்கோப் நல்லது?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப்போறவங்களுக்கு - பதிவை இன்னொரு தடவை முதல்ல இருந்து படிச்சுட்டு வாங்க ராசா.